அப்பாவின் வண்டி

விற்ற பொருளைத் தேடிச் செல்வது அறிவுடைமை ஆகாது என்பர் பெரியோர். ஆயினும் சென்ற ஆண்டு ஐப்பசி முதல் மார்கழி வரை, அண்ணனும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் அத்தகைய தேடல் ஒன்றில் ஈடுபட்டோம். முதிய பெற்றோரை உடன் வைத்துக் காக்கும் நம் சங்க அன்பர்களுக்கு எங்கள் அனுபவம் ஓரளவு பயன்படலாம் என எண்ணி இதனை எழுதத் துணிந்தோம்.

எங்களுள் மூத்தவன் கரக்பூர் ரெயில்வே அலுவலகத்தில் எழுத்தன். பத்தாம் வகுப்புத் தேறிக் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி நாற்காலி பெற்றவன். இளையவன் கோல் பஜாரில் ஒரு மருந்துக் கடையில் கணக்கெழுதுகிறான். தந்தையார் 1978ஆம் ஆண்டில், தம் இருபத்து மூன்றாம் வயதில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கு வந்தவர். ரெயில்வே பட்டறையில் பணியாற்றிய தாய்மாமனை நம்பி வந்தார். மாமனுக்குக் கிடைத்த வேலை மருமகனுக்குக் கிடைக்கவில்லை. பிறர் வண்டிகளை ஓட்டிப் பிழைத்தார். 1994இல் கடன் வாங்கி, 1986ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அம்பாசடர் மார்க் 4 டீசல் வண்டி ஒன்றைச் சொந்தமாக்கிக் கொண்டார்.

அந்த வெள்ளை வண்டி பதினான்கு ஆண்டுகள் நிலையத்தின் வெளியே வாடகைக்கு நின்றது. கரக்பூரின் நடைமேடை 1,072 மீட்டர் நீளம் உடையது; உலகிலேயே நீளமானது என்று ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தது. சென்னை வண்டி நள்ளிரவில் தாமதமாக வந்தால், ஊரிலிருந்து வரும் கிழவிகள் அந்த நீளத்தைக் கண்டு மலைத்து நிற்பர். தந்தையார் உள்ளே சென்று அவர்களுடைய மூட்டைகளைத் தலையில் சுமந்து வருவார். மகப்பேற்று வலி கண்ட பெண்களையும், மணமேடைக்குச் செல்லும் மாப்பிள்ளைகளையும் அவ்வண்டி சுமந்திருக்கிறது. இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்கள் அதனை அறியும்.

2008இல் அவர் அதனை விற்றுவிட்டார். “உதிரிப் பாகம் கிடைப்பதில்லை, கட்டுபடியாகவில்லை” என்றார். நாங்கள் பள்ளிச் சிறுவர்கள், நம்பிவிட்டோம். அவ்வாண்டு எங்கள் அன்னையாருக்குக் கல்கத்தாவில் நடந்த அறுவைச் சிகிச்சைக்கு அப்பணம் சென்றதை, 2023இல் அன்னையார் மறைவதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் அவர் வாயாலேயே கேட்டறிந்தோம். அது முதல் எங்கள் நெஞ்சில் ஒரு கடன் ஏறி அமர்ந்துகொண்டது.

அன்னையார் சென்ற பின் தந்தையார் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் மாலை அவர் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது கண்டோம்: அவருடைய இடக்கை தானாக மேலெழுந்து, ஒரு தண்டைப் பற்றி இழுப்பது போல அசைந்து தாழ்ந்தது. அந்த வண்டியில் கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் அடியிலேயே இருக்கும். இடக்கையால் மாற்ற வேண்டும். அவர் மனத்துக்குள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். “அதனைத் தேடிக் கொண்டுவந்து புதுப்பித்து அவர்முன் நிறுத்துவோம்” என்று அன்றிரவே முடிவு செய்தோம். அவருக்குத் தெரிவிக்கவில்லை.

தேடுவது எளிதாக இல்லை. அரசின் வாகனப் பதிவேட்டைக் கைப்பேசியில் பார்த்தோம்; எங்கள் பழைய எண்ணுக்கு விவரம் ஏதும் கிடைக்கவில்லை. அன்னையாரின் தகரப் பெட்டியில் ஒரு காப்பீட்டுச் சீட்டு இருந்தது. அதில் எஞ்சின் எண்ணும் சாசிஸ் எண்ணும் இருந்தன. அதனை எடுத்துக்கொண்டு நிலையத்துப் பழைய ஓட்டுநர்களிடமும், உதிரிப் பாகக் கடைகளிலும், மெக்கானிக்குகளிடமும் ஆறு வாரம் அலைந்தோம். பலர் சிரித்தனர். அம்பாசடர் செய்த உத்தர்பாரா ஆலை 2014 மே மாதத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஹவுரா பக்கம் செல்லும் அன்பர்கள், அந்த ஆலையின் பெயரையே தாங்கி நிற்கும் ‘ஹிந்த் மோட்டார்’ என்ற நிலையத்தைக் கண்டிருப்பர். ஆலை போயிற்று, நிலையம் நிற்கிறது. அதுபோல உங்கள் வண்டியின் பெயர்தான் மிஞ்சியிருக்கும் என்றார் ஒரு முதியவர். ஆனால் அவரே, “கீராய்ப் பக்கம் பூ வியாபாரி ஒருவர் வாங்கினார்” என்று நினைவு கூர்ந்தார்.

கீராய், கரக்பூர்–ஹவுரா பாதையில் பான்ஸ்குராவுக்கு முந்திய நிலையம். வயல்தோறும் சாமந்தி விளையும் ஊர். அங்கே ஒரு வீட்டின் பின்புறம், கூரை பாதி சரிந்த கொட்டகையில், எங்கள் வண்டியைக் கண்டோம். சீட்டிலிருந்த எண்ணை முன்மூடி திறந்து ஒப்பிட்டோம், ஒத்திருந்தது. முன்பலகையில் ஒரு காளி படம் ஒட்டப்பட்டிருந்தது. அதன் அருகே சதுரமாக ஒரு பசைத்தழும்பு தெரிந்தது. அங்கேதான் எங்கள் திருச்செந்தூர் முருகன் படம் இருந்தது.

வாங்கியவர் 2019இல் காலமாகிவிட்டார். மனைவியும் இருபத்தாறு வயது மகனும் இருந்தனர். மணவீடுகளுக்கு வாடகைக்கும், மற்ற நாளில் பூக்கூடை ஏற்றவும் அவர் பதினோராண்டு அதனை ஓட்டினாராம். அதன் பிறகு அது அசையவேயில்லை. பழைய இரும்பு வியாபாரி 22,000 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். மகன் எங்களிடம் 55,000 ரூபாய் கேட்டான்.

அடுத்த வாரம் ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்றோம். அவர் முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை. தரையில் படுத்து அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டினார். இவ்வகை வண்டிக்குத் தனியான இரும்புச் சட்டம் கிடையாது. உடல் தகடே எலும்புக்கூடு. ஆகையால் தரையும் கதவடித் தகடும் துருப்பிடித்தால் அழகு மட்டுமன்று, வலிமையே போய்விடும். ஜாக்கி வைத்து ஒருபுறம் உயர்த்தியதும், நன்றாகச் சாத்திய கதவு சாத்த மறுத்தது. “முதுகு முறிந்திருக்கிறது” என்றார். ஆனால் மாதிரி அதிகம் மாறாமல் நெடுங்காலம் வந்த வண்டியாதலால், பாகங்கள் கல்கத்தா மல்லிக் பஜாரில் இன்னும் கிடைக்கும் என்று தேறுதலும் கூறினார்.

அன்றிரவு மதிப்பீடு எழுதினோம். வண்டியின் விலை 55,000, தகட்டு வேலை 80,000, வண்ணம் 45,000, எஞ்சின் பிரித்துப் பூட்ட 40,000, பிரேக்கும் ஸ்பிரிங்கும் 25,000, இருக்கைகள் 18,000, மின்கம்பிகள் 12,000, பம்பருக்கும் கிரில்லுக்கும் குரோமிய முலாம் 15,000, டயரும் பாட்டரியும் 22,000, பதிவும் காப்பீடும் 18,000. ஆக 3,30,000 ரூபாய். எங்கள் இருவர் சேமிப்பும் சேர்ந்து 1,70,000. மீதிக்குக் கூட்டுறவுக் கடன் வாங்க வேண்டும். செலவிட்ட பின் விற்றால் பாதியும் தேறாது என்றார் மெக்கானிக்.

சட்டமும் இடம் கொடுப்பதாக இல்லை. 2021இல் வந்த விதிகளின்படி ஐம்பது ஆண்டு நிறைந்து, முதல் வடிவம் மாறாத வண்டிகளுக்கே ‘விண்டேஜ்’ என்ற தனிப்பதிவு உண்டு. எங்கள் வண்டிக்கு அத்தகுதி 2036இல்தான் வரும். அதுவரை வாடகை வண்டியைச் சொந்த வண்டியாக மாற்றித் தகுதிச் சோதனை முடித்தே ஓட்ட வேண்டும். இருபது ஆண்டு கடந்த சிறு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது.

இளையவன் தயங்கினான். மூத்தவன், “அம்மாவின் உயிருக்கு விலையாகக் கொடுத்ததை மீட்கக் கணக்குப் பார்ப்பதா?” என்றான். இருவரும் இரண்டு நாள் பேசவில்லை. முடிவில், தந்தையாரையே கேட்டுவிடுவது என்று இசைந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லோக்கல் வண்டியில் அவரை அழைத்துச் சென்றோம். கொட்டகையைக் கண்டதும் அவர் வியக்கவுமில்லை, கண் கலங்கவுமில்லை. நோயாளியைப் பார்க்க வந்த வைத்தியர் போல ஒரு சுற்று வந்தார். பின்கதவைத் திறந்து மோந்து பார்த்தார். “மழைத் தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது” என்றார். பிறகு எங்கள் பட்டியலை வாங்கி, மூத்தவன் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் எடுத்துக்கொண்டார்.

முதலில் குரோமிய முலாத்தை அடித்தார். “இது யாருக்கு மினுக்க?” வண்ணத்தை அடித்தார். இருக்கைகளை அடித்தார். எஞ்சின் வரியில் பேனா நின்றது. “பிரித்துப் பார்க்காமலே எப்படியடா நாற்பதாயிரம் என்று எழுதினீர்கள்?” என்று அதனையும் அடித்தார். தகட்டு வேலையையும் பிரேக்கையும் மட்டும் தொடவில்லை. “இவற்றில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. தரை விட்டுப்போன வண்டியில் ஆளை ஏற்றுவது பாவம்” என்றார். தொகை 2,12,000 ஆகக் குறைந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி. அப்போது அவர் மேலே சென்று, முதல் வரியாகிய 55,000 ரூபாயையும் அடித்தார்.

“அவ்வளவு குறைத்துக் கேட்க முடியுமா அப்பா?” என்றோம்.

“விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. வாங்கவே வேண்டாம் என்கிறேன். இது அவர்கள் வண்டி.”

அந்த அம்மையார் தேநீர் கொண்டுவந்தார். தந்தையார் அவரோடு வங்காளத்தில் பேசியபோதுதான், நாங்கள் மூன்று முறை வந்தும் கேளாத செய்தி வெளிவந்தது. வியாழக்கிழமை தோறும் லட்சுமி பூசைக்காக வீட்டைத் துடைக்கும்போது, அவர் வண்டியின் முன்கண்ணாடியையும் துடைப்பாராம். மகனுக்குப் பணமுடை, அதனால் விற்பதற்கு மறுப்புச் சொல்லவில்லையாம். கொட்டகை முழுதும் தூசி படிந்திருக்க, அந்தக் கண்ணாடி மட்டும் தெளிவாக இருந்ததை நாங்கள் கண்டிருந்தோம், காரணத்தைச் சிந்திக்கவில்லை.

திரும்பும் வண்டியில் எங்கள் கடனைப் பற்றி மெல்லச் சொன்னோம். தந்தையார் சிறிது நேரம் வெளியே பார்த்தார். “நான் விற்றதில் ஏமாந்துவிட்டேன் என்றா நினைத்தீர்கள்? நாற்பத்திரண்டாயிரத்துக்கு விற்றேன். உங்கள் அம்மா அதன்பின் பதினைந்து வருஷம் இருந்தாள். அந்த விலைக்கு வேறு எவனுக்கடா கிடைக்கும்?” என்றார். அன்னையார் மறைந்த பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

விஷயம் இத்தோடு முடிந்ததென்று நினைத்தோம். அடுத்த ஞாயிறு அவர் தாமே எழுந்து, பழைய ஸ்பானர் பையுடன் புறப்பட்டு நின்றார். அந்தப் பையன் அழைத்திருக்கிறான். அன்று முதல் நான்கு ஞாயிறு சென்றோம். வண்டிக்குக் கீழே செங்கல் அடுக்கிச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கினார்கள். கூரைக்குத் தகரம் போட்டார்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊற வைத்து, பிறகு கையாலேயே எஞ்சினைச் சுழற்றினார்கள். தொட்டியிலிருந்த கெட்ட டீசலை வடித்தார்கள், வடிகட்டியை மாற்றினார்கள், குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார்கள். மொத்தச் செலவு 8,600 ரூபாய். பாதியை அந்தப் பையன் பிடிவாதமாகக் கொடுத்தான். பழைய இரும்பு வியாபாரியிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டான்.

நான்காம் ஞாயிறு, வெளியிலிருந்து கொண்டுவந்த பாட்டரியை இணைத்தார்கள். இருமுறை இருமி, மூன்றாம் முறை கரும்புகை கக்கி, எஞ்சின் ஓடத் தொடங்கியது. அந்த அம்மையார் அடுக்களையிலிருந்து ஓடிவந்து வாசற்படியில் நின்றுவிட்டார். தந்தையார் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். இடக்கை கியர்த் தண்டின்மேல் இருந்தது. சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு இறங்கி, “நீ உட்கார்” என்று பையனை அமர்த்தினார்.

அவ்வண்டி சாலைக்கு வருமா என்பது அந்த வீட்டாரின் வசதியைப் பொறுத்தது. தகட்டு வேலைக்கு அவன் சிறுகச் சிறுகச் சேர்க்கிறான். எங்கள் சேமிப்பு அப்படியே இருக்கிறது. பழம்பொருளைத் தேடி மீட்க எண்ணும் அன்பர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது ஒன்றே: மதிப்பீட்டுப் பட்டியலைக் கடன் கேட்கும் இடத்துக்குக் கொண்டுபோகுமுன், யாருக்காகச் செய்கிறீர்களோ அவரிடம் முதலில் காட்டுங்கள். அவர் அடிக்கும் வரிகள் உங்களுக்குப் பல செய்திகளைச் சொல்லும்.

இப்போது சனிக்கிழமை இரவு தோறும் தந்தையார் மூத்தவனைக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ரெயில்வேயில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் அவன் அதற்குத் தவறாமல் விடை சொல்கிறான்:

“நாளைக்கு கீராய் லோக்கல் எத்தனை மணிக்கடா?”