அனலைதீவும் ஒரு விடியற்காலை ஆட்டமும்



யாழ்ப்பாணம் போகிறவர்கள் கோட்டையையும் கடைவீதியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் ஒருநாள் தங்கி அனலைதீவுக்கும் போய் வாருங்கள்.

பண்ணைக் கடல்வழிப் பாதையைக் கடந்து வேலணை ஊடாக ஊர்காவற்றுறைக்கு பஸ் போகிறது. துறையில் இறங்கினால் கடல் நடுவே பழைய கடற்கோட்டை தெரியும். அங்கிருந்து படகு. தீவு சிறியது, சுமார் ஐந்து சதுர கிலோமீட்டர்தான். பனைமரங்கள், புகையிலைத் தோட்டங்கள், கிணறுகள், பழைய ஐயனார் கோயில். ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம்! ஆண்டவர்கள் போனதும் அந்தப் பெயரும் போயிற்று. ஊர் அனலைதீவாகவே இருக்கிறது.

படத்தில் பார்க்க அழகான தீவுதான். ஆனால் அங்கே குடும்பம் நடத்தும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் அதிகமானாலும், மகளுக்குப் பிரசவ வலி கண்டாலும் கடலைத் தாண்ட வேண்டும். கடல் கொந்தளித்தால் காத்திருக்க வேண்டும். பொறுமை என்பது அங்கே பேச்சில் வரும் சொல் அல்ல, அன்றாட வேலை. நாட்டின் பொது மின்கம்பி கடல் தாண்டி வராததால் டீசல் இயந்திரத்தை நம்பித்தான் விளக்கெரிந்து வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் தர, இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கிரிக்கெட் ஆட்டம் நினைவுக்கு வருகிறது. 1992ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் இலங்கையின் முதல் ஆட்டம் பெப்ரவரி 23ஆம் தேதி நியூசிலாந்தின் நியூ பிளிமத் நகரில் நடந்தது. எதிரே சிம்பாப்வே. தனது முதல் சர்வதேச ஆட்டத்திலேயே அண்டி பிளவர் ஆட்டமிழக்காமல் 115 ஓட்டங்கள் குவிக்க, சிம்பாப்வே எடுத்தது 312. அதுவரை ஒருநாள் ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடி 300ஐத் தாண்டி வென்ற அணியே கிடையாது. விக்கெட்டுகள் ஏழு விழுந்தும் அர்ஜுன ரணதுங்க அசையவில்லை. ஆட்டமிழக்காமல் 88 ஓட்டங்கள் எடுத்து, நான்கு பந்துகள் மீதமிருக்கையில் அணியைக் கரைசேர்த்தார்!

நம் பக்கம் அது சுப்ஹுக்கு முந்திய இருட்டில் தொடங்கிய ஆட்டம். அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. வானொலிக்குப் போடும் பாட்டரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. ஒருவர் கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும். தீவகத்திலிருந்து போருக்குப் பயந்து வந்த பல குடும்பங்கள் உறவினர் வீடுகளில் ஒண்டியிருந்தன.

நம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அப்போது எங்கே? 1990 அக்டோபர் 30 அன்று ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். பிள்ளைகள் பந்தடித்த மைதானம் பிரிவின் வாசலாயிற்று. கையில் சில நூறு ரூபாயுடன் வெளியேறியவர்களில் பெரும்பாலோர் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் இருந்தார்கள். அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே அக்டோபர் 30ஆம் தேதி, படையெடுப்புக்கு அஞ்சி யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்களும் மூட்டை முடிச்சுகளோடு வீதிக்கு வந்தார்கள். யாருடைய துயரம் பெரிது என்று அளக்க வேண்டாம் சகோதரிகளே. இரண்டு தடவையும் அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கியவள் பெண்தான்.

அடுத்த உலகக் கிண்ணம் 1996இல் வந்தது. ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கி குண்டுவெடிப்பில் தகர்ந்தது. பெப்ரவரி 17ஆம் தேதி கொழும்பில் ஆட வேண்டிய அவுஸ்திரேலியா வரவே மறுத்துவிட்டது. ஆனால் அதற்கு நான்கு நாள் முன்பு, புனித ரமழானில், அஸ்ஹருத்தீனும் வசீம் அக்ரமும் ஒரே அணியில் சேர்ந்து கொழும்புக்கு வந்து ஆடினார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றாக நின்ற அந்த ஒரு நாள், ஆறுதல் சொல்லப் போகும் அண்டை வீட்டாரின் கடமையை நினைவூட்டியது. மார்ச் 17 அன்று லாகூரில் அதே அவுஸ்திரேலியாவை வென்று இலங்கை கிண்ணம் பெற்றது.

அனலைதீவுக்குப் போகும் நாளில் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பியதும் சோனகத் தெருவுக்கும் ஒருமுறை போங்கள். திரும்பி வந்து குடியேறியவர்களுக்கு ஸலாம் சொல்லுங்கள். இன்னும் வர முடியாதவர்களுக்காக துஆச் செய்யுங்கள்.