ஆயிரம் ரூபாவும் மார்க்கோ இனாரோஸும்

விண்வெளிக் கதை என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு ஸ்டார் வார்ஸ்தான் ஞாபகம் வரும். ஒளிவாள், இளவரசி, விசித்திரமான ஜந்துக்கள். 'தி எக்ஸ்பேன்ஸ்' அந்த ரகம் இல்லை. இதில் கப்பலில் வேலை செய்கிறவனுக்கு முதுகு வலிக்கும். தண்ணீருக்குக் காசு. சுவாசிக்கிற காற்றுக்கும் காசு. சம்பளம் போதவில்லை என்று யாராவது சத்தம் போட்டால் பூமியிலிருந்து போர்க்கப்பல் வரும். பண்டாரவளையில் உட்கார்ந்து இதைப் பார்த்த எங்களுக்கு முதல் சீசனிலேயே, "அடடே, இது நம்ம கதையாச்சே" என்று தோன்றிவிட்டது. ஆனால் நாங்கள் எழுத வந்தது முதல் சீசனைப் பற்றி இல்லை. கடைசி சீசனைப் பற்றி. அதற்கு ஐந்தாவது சீசனையும் கொஞ்சம் தொட வேண்டும். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், முடிவு வரைக்கும் சொல்லப்போகிறோம்.

முதலில் சின்ன அறிமுகம். ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்பது ஒரு ஆள் இல்லை. டேனியல் ஏப்ரஹாம், டை ஃப்ராங்க் என்ற இரண்டு பேர் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். அவர்கள் எழுதிய ஒன்பது நாவல்களில் முதல் ஆறு நாவல்களை வைத்து எடுத்த தொடர் இது. சைஃபை சேனல் மூன்று சீசனோடு 2018இல் கைவிட, ரசிகர்கள் அமேசான் ஸ்டூடியோஸுக்கு மேலே விமானத்தில் பேனர் பறக்கவிட்டுப் போராடி மீட்டார்கள். ஐந்தாவது சீசன் 2020 டிசம்பரில் தொடங்கி 2021 பெப்ரவரி 3 முடிந்தது. ஆறாவது, கடைசி சீசன் 2021 டிசம்பரில் தொடங்கி 2022 ஜனவரி 14 முடிந்தது.

கதையில் மூன்று தரப்பு. பூமி, செவ்வாய், பெல்ட். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற சிறுகோள்களிலும் அதற்கு அப்பாலும் ஐஸ் வெட்டி, தாது தோண்டி, கப்பல் ஓட்டிப் பிழைக்கிறவர்கள்தான் பெல்ட்டர்கள். தலைமுறை தலைமுறையாக ஈர்ப்பு குறைந்த இடத்தில் பிறந்து வளர்ந்ததால் அவர்களின் எலும்பு நீண்டு மெலிந்துவிட்டது. பூமியில் இறங்கினால் உடம்பு தாங்காது. அதாவது, வேலை செய்த இடம் உடம்பையே மாற்றிவிட்டது. இனித் திரும்பிப் போக 'சொந்த ஊர்' என்று ஒன்று கிடையாது. நாற்பது வருஷம் கொழுந்துக்கூடை சுமந்த ஒரு அம்மாயியின் நடையைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க கிராஃபிக்ஸ் தேவையில்லை.

அவர்கள் பேசும் மொழியும் அப்படித்தான். நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் உருவாக்கிய பெல்ட்டர் மொழி பல மொழிகளின் கலவை. 'பெல்ட்டலவ்டா' என்றால் பெல்ட்டைச் சேர்ந்த நாம். 'இன்யலவ்டா' என்றால் உள்கோள்களின் ஆட்கள், அதாவது அவர்கள். நம்ம லயத்துத் தமிழும் இதே மாதிரிக் கலவைதான். பரேட் என்ற இங்கிலீஷ் சொல்தான் நமக்குப் பெரட்டு ஆச்சு. திண்ணைக்கு நாம் சொல்லுகிற இஸ்தோப்பு டச்சுக்காரன் விட்டுப்போனது. வேலை கொடுத்தவனின் வார்த்தையை எடுத்து, உடைத்து, நம்முடையதாக ஆக்கிக்கொண்டோம்.

ஆனால் ஒப்பீடு எல்லா இடத்திலும் பொருந்தாது, அதையும் சொல்ல வேண்டும். பெல்ட்டர்கள் கையில் கப்பல் இருக்கிறது. கோபம் வந்தால் கல்லைத் தூக்கிப் பூமி மேல் எறிய முடியும். நம் தாத்தா பாட்டிமார் கையில் இருந்தது வாக்கு ஒன்றுதான். 1947இல் அந்த வாக்கால் மலையகத்திலிருந்து ஆட்கள் நாடாளுமன்றம் போனார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்கும் போய்விட்டது. 1964 ஒப்பந்தத்தில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். பெல்ட்டில்கூட ஆட்களை இப்படி எண்ணிப் பங்கு போட்டதாகக் கதை இல்லை.

சரி, மார்க்கோவுக்கு வருவோம்.

ஐந்தாவது சீசனின் வில்லன் மார்க்கோ இனாரோஸ் (கியான் அலெக்சாண்டர்). ராடாருக்குத் தெரியாதபடி பூச்சுப் பூசிய சிறுகோள்களை அவன் பூமியின் மேல் விழவைக்கிறான். லட்சக்கணக்கில் சாகிறார்கள். அதன் பிறகு சூரிய மண்டலம் முழுக்கக் கேட்கும்படி பேசுகிறான். பூமியும் செவ்வாயும் அவரவர் காற்றுமண்டலத்தோடு நின்றுகொள்ளட்டும், அதற்கு வெளியே உள்ளது எல்லாம் பெல்ட்டுக்கு என்பது அவன் பேச்சின் சாரம். கேட்கும்போது நமக்கும் மயிர்க்கூச்செறியும். ஏனென்றால் அவன் அடுக்குகிற குறைகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. முதல் சீசனிலேயே ஆண்டர்சன் நிலையம் என்று ஒன்று வரும். காற்றில் ஆக்சிஜன் குறைந்து அங்கே பிள்ளைகளின் மூளை பாதிக்கப்படும், நியாயம் கேட்டவர்கள் சரணடைந்த பிறகும் கொல்லப்படுவார்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது ஞாபகம் இருக்கிறவர்களுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரித் தெரியும். அந்த மலை ஆபத்து என்று முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். வேறு நிலம் இல்லாதவன் எச்சரிக்கையை வைத்துக்கொண்டு எங்கே போவான்?

ஐந்தாவது சீசன் முடிந்த இரண்டாம் நாள், 2021 பெப்ரவரி 5, ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். மார்ச்சில் ஆயிரம் வந்தது. கூடவே, முழுப்பேர் விழ இன்னும் கூடுதல் கிலோ எடுக்க வேண்டும் என்று பல தோட்டங்களில் கணக்கும் மாறியது. கிலோ குறைந்தால் அரைப்பேர். அந்த நாட்களில் மார்க்கோவின் பேச்சை யாராவது தமிழில் டப் பண்ணிப் பெரட்டுக்களத்தில் போட்டிருந்தால் கைதட்டு நிச்சயம்.

ஆறாவது சீசன் இந்த இடத்தில்தான் கதையைத் திருப்புகிறது. மார்க்கோவைப் பொய்யன் என்று அது நிரூபிக்கவில்லை. அவனுடைய களஞ்சியத்தைத் திறந்து காட்டுகிறது.

பூமியின் வானம் தூசியால் மூடி விளைச்சல் படுத்துவிடுகிறது. பசி எல்லாப் பக்கமும் வருகிறது. பெல்ட்டின் பெரிய துறைமுகமான செரஸை நோக்கிப் பூமி, செவ்வாய்க் கப்பல்கள் வருகின்றன. மார்க்கோ என்ன செய்கிறான்? சண்டை போடவில்லை. நிலையத்தில் இருந்த உணவையும் பொருட்களையும் வழித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். அங்கே இருக்கிற லட்சக்கணக்கான பெல்ட்டர்களுக்கு எதிரி சோறு போடட்டும், போட்டால் எதிரிக்கு நஷ்டம், போடாவிட்டால் எதிரிக்குக் கெட்ட பெயர். கணக்கு அருமை. அந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் அவனுடைய சொந்த சனத்தின் ஒரு வயிறு.

இந்த சீசனை நாங்கள் பார்த்தது 2022இல், கரண்ட் கட்டுக்கு நடுவில். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரைக்கும் கரண்ட் இல்லை. எபிசோட் பாதியில் லேப்டாப் பேட்டரி இறங்கிவிடும். கோதுமை மா விலை ஏறி, ரொட்டி தட்டுகிற வீடுகளில் ரொட்டியின் அளவு சின்னதாகிக்கொண்டிருந்த காலம். செரஸில் ஜனங்கள் வரிசையில் நிற்கிறதைப் பார்த்து, "இது சயன்ஸ் பிக்ஷனா, டவுனுக்குள்ள எடுத்ததா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

மார்க்கோவுக்கு நம்ம பாஷையில் ஒரு சொல் இருக்கிறது: 'நம்ம ஆள்'. நம் பாட்டன்களைக் கப்பலேற்றிக் கூட்டிவந்த கங்காணியும் நம்ம ஆள்தான். அதே ஊர், அதே பேச்சு, பல சமயம் அதே சொந்தம். முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிவைத்ததும், தலைக்காசு வாங்கியதும் அவர்தான். துரைக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது, கங்காணிக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் அந்த ஏற்பாடு அத்தனை காலம் ஓடியது. உரிமையின் பெயரில் தூக்கிய ஆயுதம் சொந்த ஆட்களின் பக்கம் திரும்புவதை இந்த நாட்டில் வடக்கும் பார்த்திருக்கிறது, தெற்கும் பார்த்திருக்கிறது. நம் குறையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் எல்லாம் நமக்காக நிற்கிறார் என்று அர்த்தமில்லை. குறையைச் சொல்வது கஷ்டமே இல்லை. அது நம்ம லயத்தில் எல்லாருக்கும் மனப்பாடம்.

அப்படியானால் யார் நிற்கிறார்? இந்த சீசனின் பதில் கமினா ட்ரம்மர். கனடாவின் ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த கேரா ஜீ நடித்திருக்கிறார். கோபத்தில் ட்ரம்மர் மார்க்கோவுக்குக் கொஞ்சமும் குறைந்தவள் இல்லை. பூமியை அவளுக்கும் பிடிக்காது. ஆனால் அவள் மார்க்கோவின் களஞ்சியத்தைத் தாக்கி, கிடைத்த பொருளைச் செரஸுக்குக் கொண்டுவருகிறாள். அதற்காகத் தன் குடும்பமாக இருந்தவர்களில் சிலரை இழக்கிறாள். பூமியின் தலைவி அவசரலாவோடு ஒரே மேசையில் உட்காரவும் வேண்டியிருக்கிறது. பெல்ட்டர் பாஷையில் 'வெல்வாலா' என்று ஒரு வசவு உண்டு, கோள்களுக்கு வால்பிடிக்கிறவன் என்று பொருள். அந்தப் பெயர் வரும் என்று தெரிந்தே அவள் உட்காருகிறாள். அவளுக்கு நீளமான பேச்செல்லாம் இல்லை. மூட்டை வந்து இறங்குகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது ஃபிலிப், மார்க்கோவுக்கும் நயோமிக்கும் பிறந்த மகன். சின்ன வயதிலேயே அம்மாவிடமிருந்து பிரித்து, வெறுப்பு ஊட்டி வளர்க்கப்பட்டவன். பூமியில் கல் விழுந்ததில் அவன் கையும் உண்டு. இந்த சீசனில் ஒரு சண்டையில் தன் நண்பனையே சுட்டுவிடுகிறான், அப்பா அதை மூடி மறைக்கிறார். தண்டனையாகக் கீழ்வேலைக்கு அனுப்பப்பட்டு, சாதாரண ஆட்களோடு சேர்ந்து கப்பல் பழுதுபார்க்கும்போதுதான் அவனுக்குக் கண் திறக்கிறது. கடைசிச் சண்டைக்கு முன்னால் கப்பலை விட்டு இறங்கி, இனாரோஸ் என்ற பெயரை அழித்து ஃபிலிப் நகாட்டா என்று பதிகிறான். நகாட்டா அம்மாவின் பெயர். அவன் உயிரோடு இருப்பது நயோமிக்குத் தெரியாது, தொடர் முடியும் வரை தெரியவராது. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். பேர் போட்டாச்சா, அரைப்பேரா முழுப்பேரா என்றுதான் கேட்போம். யாரோ போடும் பேருக்குக் காத்திருந்து பழகிய நமக்கு, ஒருத்தன் தன் பெயரைத் தானே போட்டுக்கொள்ளும் அந்தச் சில நொடிகள் போதுமானதாக இருந்தன.

முடிவில்தான் எங்களுக்குள் சண்டை. போர் முடிகிறது, 1300க்கும் மேற்பட்ட புது உலகங்களுக்குப் போகும் வளைய வாசல்களை நிர்வகிக்க ஒரு ஒன்றியம் உருவாகிறது. பெல்ட்டர் ஒருத்தர் தலைமையை பூமியும் செவ்வாயும் ஏற்கமாட்டார்கள் என்று ஹோல்டனை, பூமியில் பிறந்தவனை, தலைவராக்குகிறார்கள். அவன் பதவியை ஏற்ற கையோடு விலகி, நாற்காலியை ட்ரம்மருக்குக் கொடுக்கிறான். எங்களில் மூன்று பேர் கைதட்டினார்கள். இரண்டு பேருக்குக் கோபம்: "அவ இத்தனை பண்ணியும், கடைசில ஒரு பூமிக்காரன் பெரிய மனசு பண்ணிக் குடுக்கணுமா?" கேள்வி நியாயமானது. போன பிரஜாவுரிமை 1988, 2003 சட்டங்கள் வரைக்கும் இழுபட்டு, 'வழங்கப்பட்டது' என்றே எழுதப்பட்டது நமக்குத் தெரியும். உரிமையாகக் கேட்டதைத் தானமாக வாங்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கும். கைதட்டியவர்களின் பதிலும் லேசானது இல்லை: "நாற்காலி எப்படி வந்தா என்ன, அதுல உக்காந்து அவ என்ன செய்யப்போறாங்கிறதுதான் விஷயம்." இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

குறைகளும் இருக்கின்றன. பத்து எபிசோட் தேவைப்படும் கதையை ஆறில் அடக்கியிருக்கிறார்கள். லக்கோனியா கோளில் ஒரு சிறுமியும் விசித்திர மிருகங்களும் வரும் கதை ஒவ்வொரு எபிசோடிலும் தலைகாட்டிவிட்டு அந்தரத்தில் நிற்கிறது, மிச்சம் தெரிய நாவல்களுக்குத்தான் போக வேண்டும். மார்க்கோவை பெல்ட்டர்கள் தோற்கடிப்பதில்லை. வளைய வாசலுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று அவன் கப்பல்களை விழுங்கிவிடுகிறது. அதைத் தூண்டும் வழியைக் கண்டுபிடிப்பது நயோமி என்பது ஆறுதல். ஆனாலும் அரசியலால் தீர வேண்டிய கணக்கை பௌதிகம் தீர்த்துவைத்த மாதிரி ஆகிவிட்டது.

இருந்தாலும் பாருங்கள். முதல் சீசனின் முதல் நாலு எபிசோட் கொஞ்சம் இழுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். அடுத்த முறை யாராவது மேடையேறி நம் இருநூறு வருஷக் கஷ்டத்தை அழகாக, கண்ணீர் வரும்படி சொன்னால் கைதட்டுவோம், சொன்னது உண்மைதானே. கைதட்டி முடித்த பிறகு செரஸ் சனங்கள் கேட்க மறந்த கேள்வியையும் கேட்போம்: களஞ்சியச் சாவி யார் கையில் இருக்கு?