காயில் எரிந்த காரணம்

கோவை ஆவாரம்பாளையம், கணபதி வட்டாரத்தின் சந்துகளில் பட்டறையும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். முன்கட்டில் லேத் ஓடும், பின்கட்டில் குக்கர் விசிலடிக்கும். ஒரு வீட்டில் ஷாஃப்ட் கடைவார்கள், அடுத்த வீட்டில் இம்பெல்லரின் பிசிறை நீக்குவார்கள். அப்படியொரு சந்தில் குடும்பமாக நடத்தும் மோட்டார் பட்டறையைப் பார்க்கப் போயிருந்தேன். ஆழ்குழாய்க் கிணறுகளில் இறங்கும் நீர்மூழ்கி மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது அவர்களின் பிரதான வேலை. கொஞ்ச காலமாக மோட்டாரை இயக்கும் மின்னணுப் பலகைகளையும் பழுது பார்க்கிறார்கள். கட்டுரையில் பட்டறையின் பெயர் வேண்டாம் என்றார்கள். "இருக்கற வேலைய ஒழுங்காச் செஞ்சு குடுத்தாப் போதுமுங்க" என்றார் பட்டறையைத் தொடங்கிய பெரியவர்.

பொங்கலூர்ப் பக்கமிருந்து ஒரு தோட்டத்துக்காரர் மோட்டாரை டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். போன வருடம் இங்கேதான் காயில் கட்டியிருக்கிறார், மறுபடியும் எரிந்துவிட்டது. குரலில் வருத்தமும் சந்தேகமும் கலந்திருந்தன. "கம்பி சரியில்லீங்களாட்ட இருக்குதுங்ணா" என்றார். பெரியவரின் மகன் பதில் சொல்லவில்லை. மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் வடித்தார். நீர்மூழ்கி மோட்டாரின் வயிற்றில் தண்ணீர்தான் இருக்கும், சூட்டை வாங்கிக்கொள்வதும் அதுதான். மணல் கலந்து வந்தால் சீல் போயிருக்கிறது. கரிய தூள் வந்தால் அடியிலுள்ள திரஸ்ட் பேரிங்கின் கார்பன் தேய்ந்திருக்கிறது. அன்று வந்த தண்ணீரில் இரண்டும் இல்லை, கருகிய பிளாஸ்டிக் வாடைதான் இருந்தது.

பிறகு காயில்கள் பதிந்திருக்கும் ஸ்டேட்டரை வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். மூன்று பேஸுக்கும், அதாவது மின்சாரத்தின் மூன்று முனைகளுக்கும், தனித்தனிக் காயில். அதில் இரண்டு உருகிக் கருத்திருந்தன, மூன்றாவது கட்டிய அன்றைய நிறத்திலேயே இருந்தது. பெரியவர் அதைத் தோட்டத்துக்காரரின் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் செய்தார். மூன்றுக்கும் ஒரே சுருளிலிருந்து வந்த கம்பி. கம்பியில் குறையென்றால் இது மட்டும் எப்படித் தப்பித்தது?

இந்தத் தொழிலின் அறிவு முழுக்க அந்தக் கேள்விக்குள் இருப்பதாக எனக்குப் பட்டது. ஸ்டார் இணைப்பில் ஓடும் மோட்டாருக்கு மூன்று முனைகளில் ஒன்று அறுந்துவிட்டால், மீதி இரண்டு காயில்கள் முழுச் சுமையையும் இழுக்கும். அவற்றில் மின்னோட்டம் ஏறக்குறைய 1.73 மடங்காகும். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் அது மூன்று மடங்காகிவிடும். எனவே இரண்டு கருகும், ஒன்று பிழைக்கும். டெல்டா இணைப்பென்றால் இதற்கு நேர்மாறாக ஒன்று கருகும், இரண்டு பிழைக்கும். மூன்றும் ஒரே சீராகக் கருத்திருந்தால் வோல்டேஜ் குறைவு, அல்லது தாங்க முடியாத சுமை. கம்பி ஓரிடத்தில் மட்டும் வெடித்திருந்தால்தான் கட்டியவர் கையில் சந்தேகப்பட வேண்டும். அப்படி இருந்தால் காசு வாங்காமல் மறுபடி கட்டிக் கொடுப்பது இந்தப் பட்டறையின் வழக்கம்.

விசாரித்ததில் உண்மை வெளியே வந்தது. ஸ்டார்ட்டரில் இருந்த பிரிவென்டரை, அதாவது ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்திவிடும் கருவியை, யாரோ கழற்றிவிட்டு நேரடியாக இணைத்திருக்கிறார்கள். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் இருமுனையில் கண்டன்சர் வைத்து ஓட்டுவதற்காகச் செய்த காரியம். காய்ந்துகொண்டிருக்கும் வாழைக்கு முன்னால் நிற்கிறவர் அப்படித்தான் செய்வார், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவரும் சொல்லவில்லை. பிரிவென்டரை மறுபடி எப்படி மாட்ட வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். தோட்டத்து எலக்ட்ரீஷியனின் எண்ணை வாங்கி மகன் அங்கேயே பேசினார்.

எரிந்ததைக் கட்டிக் கொடுத்து, காரணத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் அடுத்த வருடமும் அதே மோட்டார் வரும். அதே கூலி வரும். ஆனால் ஆயிரம் அடிக்கும் கீழே இறக்கியிருக்கும் மோட்டாரைத் தூக்கி, மீண்டும் இறக்க வண்டி வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு காயில் கூலியோடு போட்டி போடும். அந்தச் செலவும், தண்ணீரில்லாத நாட்களில் வாடும் பயிரும் தோட்டத்துக்காரருடையவை. வாடிக்கையாளருக்குச் செய்யும் சேவை என்று பெரிய நிறுவனங்கள் எதையெதையோ சொல்கின்றன. எரிந்த காயிலைப் படித்து உண்மையைச் சொல்வதே அந்த வேலையின் முதல் பாதி என்று இங்கே நினைக்கிறார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன்.

இரண்டாம் பாதியைச் செய்பவர்கள் பெண்கள். பெரியவரின் மனைவியும் மருமகளும், அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும். சாதாரண மோட்டாரில் முன்பே சுற்றி வைத்த காயிலை ஸ்லாட்டுக்குள் இறக்கிவிடலாம். நீர்மூழ்கி மோட்டாரில் அது ஆகாது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை, நீண்ட குழாய் போன்ற ஸ்டேட்டரின் ஒவ்வொரு ஸ்லாட்டுக்குள்ளும் ஒவ்வொரு சுற்றாக நுழைத்து இழுக்க வேண்டும். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். ஒருவர் தள்ள, மற்றவர் வாங்கி இழுத்து அடுத்த ஸ்லாட் வழியாகத் திருப்பி அனுப்புகிறார். பேச்சு என்னவோ பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றி நடக்கிறது, சுற்று எண்ணிக்கை மட்டும் தப்புவதில்லை. வளையல்கள் சுவர் ஆணியில் தொங்குகின்றன. நகம் பட்டு உறையில் ஒரு கீறல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரிந்துவிடும். அதனால் கட்டி முடித்த ஸ்டேட்டரை இரவு முழுக்கத் தொட்டியில் மூழ்கடித்து வைத்து, காலையில் மின்காப்பை அளக்கும் மெக்கர் போட்டுப் பார்க்கிறார்கள். அளவு இறங்கினால் மொத்தக் கம்பியையும் உருவிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மெக்கரைப் பிடிப்பது அம்மாதான், மகன் கட்டியதென்றாலும் அவர் சரியென்றால்தான் வெளியே போகும்.

இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர் பி.காம். படித்தவர். கணக்கும் ஜிஎஸ்டியும் அவர் பொறுப்பு. ஆனால் முதல் வருடம் கம்பி இழுக்கக் கற்ற பிறகே கணக்கு நோட்டு அவர் கைக்கு வந்தது. வேலையின் அருமை தெரியாமல் விலை போட முடியாது என்பது மாமியாரின் கட்சி. வேலை நேரம் பள்ளி வண்டி வரும் நேரத்தை அனுசரித்து வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளை அழைக்கப் போகும் பெண்ணுக்குக் கூலி குறைவதில்லை.

அலமாரியில் எண்ணெய்க் கறை படிந்த பழைய நோட்டுகள் அடுக்கியிருந்தன. எந்தக் கம்பெனி மோட்டார், எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்லாட், எந்த கேஜ் கம்பி, எத்தனை சுற்று என்று பெரியவர் ஆலை வேலையை விட்டுச் சொந்தமாகத் தொடங்கிய காலத்திலிருந்து எழுதியவை. மோட்டாரை ஒவ்வொரு முறையும் அவிழ்த்து, எண்ணி, எழுதிச் சேர்த்த அறிவு. வேறொருவராக இருந்தால் பூட்டி வைத்திருப்பார். நான் இருந்த நேரத்திலேயே வேறு பட்டறைக்காரர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார், மருமகள் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். இங்கே ஐடிஐ முடித்து வந்து வேலை பழகியவர்கள் பலர் தனிப்பட்டறை வைத்திருக்கிறார்கள், ஒருவர் இதே சந்தில். அவருக்கு முதல் வேலையை அனுப்பியதே பெரியவர்தான்.

இந்த ஊரின் குணமே அதுதானோ என்று தோன்றியது. 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் இறங்கி வந்தது, பஞ்சாலைகள் பெருகின. 1937-இல் இவ்வூர்த் தொழில்முனைவோரான ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அதற்குப் பின் பெரிய ஆலைகளில் வேலை கற்றவர்கள் வெளியே வந்து சின்னச் சின்னப் பட்டறைகள் போட்டார்கள். நாட்டின் பம்பு உற்பத்தியில் கோவை முன்னணியில் நிற்பதற்கு அந்தக் கை மாறிய அறிவும் ஒரு காரணம்.

ஒரு விஷயத்தில் இவர்கள் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. ஊராட்சிக் குடிதண்ணீர் மோட்டார் வந்தால் வரிசை கிடையாது, நடந்துகொண்டிருக்கும் வேலை நிற்கும். சுற்றுவட்டக் கிராமங்களுக்கு இரவல் கொடுக்கவே இரண்டு மோட்டார்களைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஊராட்சிப் பணம் வரத் தாமதமாகும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். குடங்களோடு பெண்கள் காத்திருப்பதை நினைத்தால் வேறு வேலை ஓடாது என்றார் அம்மா.

இனி வரப்போவதுதான் அவர்களுக்குக் கவலை. 2019-இல் சூரியசக்தி பம்புகளுக்கு மானியம் தரும் பிஎம்-குசும் திட்டம் தொடங்கிய பிறகு அவை தோட்டங்களுக்குள் நிறைய வந்துவிட்டன. அவற்றின் உயிர் கன்ட்ரோலர் பெட்டியில் இருக்கிறது. டிப்ளமோ படித்த மகன் அதைத் திறந்து காட்டினார். சில பலகைகளின் மேல் கெட்டியான ரெசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள், ஈரத்துக்குப் பாதுகாப்புதான். ஆனால் சின்னப் பாகம் ஒன்று போனாலும் முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்கிறார்கள், சுற்றுப்படம் கேட்டால் கிடைப்பதில்லை. அவர் ஒவ்வொரு பலகையாகத் தடம் பிடித்து, அப்பாவைப் போலவே ஒரு நோட்டில் வரைந்து வருகிறார்.

பழுது பார்க்கும் உரிமைக்கான சட்டகத்தை உருவாக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் ஒரு குழுவை அமைத்தது. அதில் முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் உண்டு. மக்கள் வரிப்பணத்தில் மானியம் பெற்று விற்கப்படும் பம்புக்காவது சுற்றுப்படமும் உதிரிபாகமும் கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசு நிபந்தனை வைக்கலாம். டெண்டரில் சேர்க்க வேண்டியது ஒரே ஒரு வரி. அது வந்தால் இந்தச் சந்தில் உள்ளவர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.