மினெஸ்ட்ரோனேவும் ஒரு வீண்பழியும்

வாரம் ஒருமுறை நான் செய்யும் இத்தாலியக் காய்கறி சூப்பைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இதெல்லாம் அத்துப்படி என்று அவர் நினைப்பு. உண்மையில் மனைவி மறைந்த பிறகுதான் நான் அடுப்பே பற்ற வைத்தேன்.

சூப்பின் பெயர் மினெஸ்ட்ரோனே. இத்தாலியில் 'மினெஸ்ட்ரா' என்றால் சூப். 'ஓனே' என்று முடிந்தால் பெரிய சூப். ஊருக்கு ஊர் மாறும். மிலானில் அரிசி போடுவார்கள். ஜெனோவாவில் துளசி இனத்து இலையை பூண்டோடு அரைத்துக் கலப்பார்கள்.

என் முறை இது. அரை கப் ராஜ்மாவை இரவே ஊற வைத்து, மறுநாள் குக்கரில் நன்றாக வேக வையுங்கள். அடி கனமான பாத்திரத்தில் 2 ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் விட்டு வெங்காயம், பூண்டு, கேரட்டை நிதானமாக வதக்குங்கள். அவசரம் கூடாது, ருசி இங்கேதான் பிறக்கிறது. பிறகு உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைகோஸ், 3 தக்காளி, 1 லிட்டர் தண்ணீர். சிறு தீயில் 40 நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்தில் ராஜ்மாவும் ஒரு கைப்பிடி மக்ரோனியும் உப்பும் மிளகும். பரிமாறும்போது துருவிய சீஸ். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

இந்த சூப்புக்கு ஒரு கதை உண்டு. 1891இல் புகழ்பெற்ற சமையல் நூலை எழுதிய பெல்லெக்ரீனோ அர்த்தூசி, 1855இல் லிவோர்னோ நகரில் மினெஸ்ட்ரோனே சாப்பிட்டாராம். அன்றிரவு வயிறு படாத பாடு படுத்த, சூப்பைச் சபித்துக்கொண்டே ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார். பிறகுதான் சேதி வந்தது: லிவோர்னோவில் காலரா. அவர் தங்கிய வீட்டுக்காரரே அதில் இறந்துபோனார். சூப் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. குமாஸ்தாவாக இருந்த காலம் முழுக்க எனக்கு நெஞ்செரிச்சல். "எல்லாம் உன் வத்தக்குழம்பால் வந்தது" என்று மனைவியைத் திட்டுவேன். ஒருநாள் அவள் அதை வைப்பதையே நிறுத்திவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் போன பிறகு, காரமே இல்லாத இந்த சூப்பைக் குடித்தும் எரிச்சல் போகவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை காப்பி?" ஆபீஸில் பழகியது, ஏழு, எட்டு ஆகும். இரண்டாகக் குறைத்தேன். ஒரே மாதத்தில் எரிச்சல் நின்றது.

இப்போது வத்தக்குழம்பு சாப்பிடலாம், ஒன்றும் செய்யாது. ஆனால் அவள் வைத்த பக்குவம் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. சூப்பின் பக்குவத்தையாவது உங்களுக்கு எழுதி வைத்துவிட்டேன். செய்து பாருங்கள்.