பார்சல் கொண்டுவரும் தம்பி

திண்டுக்கல் நகரில் "மாதா கோவில் அருகில்" என்று முகவரி எழுதும் இல்லங்கள் எத்தனை என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. கோவில் மதிலை ஒட்டிக் குடியிருப்போரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்போரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இதன் பலன் முதலில் பார்சல் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு வந்து சேருகிறது. அடுத்தபடியாகப் பங்குக் குருவானவருக்கு. காலை பத்து மணி முதல் விளக்கேற்றும் நேரம் வரை, பெரும் பைகளைச் சுமந்த இளைஞர்கள் குருமனை வாசலில் வண்டியை நிறுத்தி வழி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். தெரியாததை உபதேசியார் சொல்லுகிறார். அவ்வாறு வழி கேட்டு நின்றவர்களுள் நம் பங்கைச் சேர்ந்த பிள்ளை ஒருவனும் உண்டு. அவன் இத்தொழிலில் காலூன்றியது எவ்வாறு என்பதை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவனுடைய தகப்பனார் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019ஆம் ஆண்டு கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, அலிகாரிலிருந்து வந்து குவிந்த இயந்திரப் பூட்டுகளின் போட்டியால் பட்டறைகள் பல மூடிவிட்டன. தகப்பனுடைய கைத்தொழில் மகனுக்குப் பயன்படவில்லை. தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை நினைத்து, தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, 2025ஆம் ஆண்டு ஆவணியில் அவன் பார்சல் வேலையில் சேர்ந்தான்.

வேலையின் போக்கை அவன் வாயிலாகவே அறிந்தேன். காலை ஏழு மணிக்குள், ஹப் என்று அவர்கள் அழைக்கும் கிடங்குக்குப் போய்விட வேண்டும். அன்றைய லோடு தரையில் கொட்டிக் கிடக்கும். தன் பகுதிக்குரியவற்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் கைபேசியால் ஸ்கேன் செய்து, பையில் அடுக்கிப் புறப்பட வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ எழுபது பார்சல். கொண்டு சேர்த்ததற்கு மட்டுமே கூலி. திரும்பி வந்ததற்கு ஒன்றுமில்லை. சிலவற்றுக்குப் பொருளைக் கொடுத்துப் பணம் வாங்க வேண்டும். அதை சி.ஓ.டி. என்பார்கள். இரவு கிடங்குக்குத் திரும்பிப் பணத்தை எண்ணிக் கட்ட வேண்டும். குறைந்தால் அது அவன் கணக்கில் பிடிக்கப்படும்.

இவ்விடத்தில் அஞ்சற்காரரை நினையாமல் இருக்க முடியவில்லை. பின்கோடு என்னும் ஆறிலக்க எண்ணை நம் அஞ்சல் துறை 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 624001 என்று எழுதினால், முதல் மூன்று இலக்கங்கள் கடிதத்தைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்துவிடும். எஞ்சிய மூன்றும் குறிப்பிட்ட அஞ்சலகத்தில் சேர்த்துவிடும். அத்துடன் எண்ணின் வேலை முடிந்தது. அஞ்சலகத்திலிருந்து திண்ணைவரை கடிதத்தை நடத்திச் சென்றது அஞ்சற்காரரின் நினைவு. புதியவர் மூத்தவர் பின்னே நடந்து தெருவைக் கற்றார். எந்த வீட்டில் யார் இருக்கிறார், எந்தப் பாட்டிக்குக் காது கேளாது என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் அவருக்கு மனப்பாடமாயிற்று. நம் பிள்ளைக்கோ எல்லாம் கைபேசிப் படம்தான். அதில் வீட்டைக் குறிக்கும் புள்ளி சில வேளை அடுத்த தெருவின் பின்சுவரில் விழுகிறது. ஒருநாள் பாழுங்கிணற்றின்மேல் விழுந்ததாம்.

முதல் எட்டு நாள்கள் அவனுக்குப் பெரும் சோதனையாயின. பையில் கண்டபடி அடுக்கியதால், ஒரு பார்சலுக்காக ஒவ்வொரு வாசலிலும் முழுப் பையையும் கொட்ட நேர்ந்தது. மேற்கு மரியநாதபுரத்துப் பொருளுடன் கிழக்கு மரியநாதபுரத்தில் அலைந்தான். பூட்டிய வீட்டின் முன் நின்று அழைத்தால், "வெளியூரில் இருக்கிறேன், நாளைக்கு வா" என்பார்கள். நாளையும் அதே பூட்டு. எட்டாம் நாள் இரவு சி.ஓ.டி. பணத்தில் 1,140 ரூபாய் குறைந்தது. எந்த வாசலில் தவறிற்று என்று அவனால் சொல்ல இயலவில்லை. மறுநாள் மாலை அவன் தாயார் கண்ணீருடன் குருமனைக்கு வந்தார்.

"சாமி, வண்டியை வித்துட்டு திருப்பூருக்குப் போறேங்கிறான். வித்தாலும் தவணைக் கடன் தீராது. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்."

ஒரு வார்த்தை சொல்லித் தீருகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. நம் பங்கில் ஆறு ஆண்டுகளாக இதே தொழிலைச் செய்துவருபவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வயதைக் கடந்தவர். அவரை வரவழைத்தேன். அவர் பையனுக்கு ஆறுதல் எதுவும் கூறவில்லை. "நாளைக் காலையில உன் பையை நான் அடுக்குறேன், பார்த்துக்க" என்றார்.

மூன்று நாள் அவனுடன் கிடங்கில் நின்று அவர் கற்பித்தவற்றை எழுதினால், தொழிலுக்குப் புதிதாய் வரும் பிறருக்கும் உதவும். கடைசியில் கொடுக்க வேண்டியது அடியில், முதலில் கொடுக்க வேண்டியது மேலே. ஒவ்வொரு பார்சலின் மீதும் தெருவின் முதலெழுத்தையும் வரிசை எண்ணையும் தடித்த பேனாவால் எழுதிவிட வேண்டும். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் முற்பகலில். வேலைக்குப் போவோர் வீடுகளுக்கு மாலையில். தெருவுக்குள் நுழையுமுன்பே தொலைபேசியில் கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். பணத்தைச் சட்டைப் பையில் திணிக்கக் கூடாது. தனிப் பை வைத்து, வாசலிலேயே இருவர் கண்ணும் பார்க்க எண்ணி, அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். வழி கேட்பதாயின் பெட்டிக்கடையிலும் இஸ்திரி வண்டியிலும் கேட்க வேண்டும். (குருமனையையும் இப்பட்டியலில் சேர்த்தார்!) ஒரு மணிக்குச் சாப்பாடு, அதைத் தள்ளிப்போடுகிறவன் மூன்று மணிக்கு வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவான் என்பது அவர் அனுபவம். பெட்ரோல் கணக்கைத் தனியே எழுதச் சொன்னார். கூலி 800 ரூபாய் வந்த நாளில் பெட்ரோலுக்கு 130 போயிருந்தால், சம்பாதித்தது 670 ரூபாய்தான். தேய்மானத்துக்கென்று நாள்தோறும் சிறிது எடுத்து வைக்காதவன் ஒருநாள் நடுவழியில் நிற்பான்.

பையன் வேலையை விடவில்லை. அடுத்த மாதமே பண்டிகைக் கால விற்பனை வந்தது. லோடு நூற்றைக் கடந்த அந்நாள்களையும் தாங்கிக்கொண்டான். ஆயினும் அவன் ஒன்றைச் சொன்னான்: "சாமி, வெயிலும் படிக்கட்டும் பழகிப்போச்சு. கதவைத் திறக்கிறவங்க முகம்தான் ஒவ்வொண்ணும் புதுசா இருக்கு."

நம் இல்லத்தார் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். மூன்றாம் மாடியிலிருந்து "மேலே கொண்டுவா" என்று ஆணையிடுகிறோம். கீழே வண்டியில் மற்றவர் பொருள்கள் காவலின்றிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று காணாமற்போனாலும் அவன்தான் பொறுப்பு. கேட்காத பொருள் சி.ஓ.டி.யில் வந்துவிட்டால், பணம் கொடுக்காமல் திருப்பி அனுப்புவதே முறை. இப்படியும் மோசடி நடக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது என்னவென்று கொண்டுவந்தவனுக்கும் தெரியாது. அவனைத் திட்டுவதில் பொருளில்லை. ஓ.டி.பி. எண்ணைப் பொருள் கண்முன் வந்த பிறகு சொல்லுங்கள்; முன்கூட்டித் தொலைபேசியில் கேட்கும் எவருக்கும் சொல்ல வேண்டாம். முகவரியில் கதவு எண்ணையும் குறுக்குத் தெருவையும் எழுதுங்கள். மாதா கோவிலைச் சுற்றி நான்கு தெருக்கள் இருக்கின்றன!

வாசலில் தண்ணீர் கொடுப்போர் இருக்கிறார்கள். அவ்வீடுகளின் எண்களை அவன் தடுமாறாமல் சொல்லுகிறான். எனக்கு வியப்பாயிருந்தது.

சட்டத்தின் பக்கமும் சில மாற்றங்கள் வந்துள்ளன. இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்கெனத் தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. நாடாளுமன்றம் 2020ஆம் ஆண்டில் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. செயலி வழியே வேலை தரும் நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை இத்தொழிலாளரின் நலனுக்காகச் செலுத்த வேண்டும் என்கிறது அது. இது பெரிய காரியம். எனினும் பெயரைப் பதிவு செய்துகொள்ளாதவனுக்குச் சட்டம் ஏட்டளவில்தான் நிற்கும். பகலெல்லாம் தெருவில் இருப்பவன் எப்போது பதிவு செய்வான்? ஆகவே ஒரு ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல் பங்கு மன்றத்தைத் திறந்து வைத்தோம். கணினி தெரிந்த நம் இளம்பெண்கள் இருவர் உட்கார்ந்து உதவினர். ஏழு பேர் வந்தனர். அவர்களுள் நால்வர் வேறு சமயத்தார். ஆதார் எண்ணுடன் இணைந்த தொலைபேசி எண் மாறிப்போனதால் இருவருடைய பதிவு முடியவில்லை. அவ்விருவரில் நம் பிள்ளையும் ஒருவன். எண்ணைச் சரிசெய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.

சென்ற வாரம் குருமனைக்கு மெழுகுவர்த்திப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். பின்னால் இன்னொரு வண்டியில், பெரிய பையும் புதுச் சட்டையுமாக, மருண்ட விழிகளுடன் ஒரு சிறுவயதுப் பிள்ளை நின்றான். "மூணு நாள் என்கூட வரட்டும் சாமி" என்றான் நம்மவன். பிறகு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் வண்டிக்கு இரண்டு டயரும் மாற்ற வேண்டுமென்றும், எடுத்து வைத்ததில் இன்னும் 900 ரூபாய் குறைகிறதென்றும் கணக்குச் சொன்னான்.