காற்று பின்னாலிருந்துதான் வருது

போன வாரம் அண்ணன் மகன் தன் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காடியோட வீட்டுக்கு வந்தான். கூரை திறக்கும் காடி. வாங்கினப்ப "காசைக் கரியாக்குறியே"ன்னு திட்டினேன். ஆறு மாசமா பேச்சில்லை.

"சித்தப்பா, கூரையைத் திறந்தா அம்மாவுக்குக் காத்து அடிச்சு காது வலிக்குது"ன்னான்.

முன்கண்ணாடிக்கு மேல போற காற்று, சீட்டுக்குப் பின்னால சுழன்று திரும்பி வந்து பிடரியில் அடிக்கும். அவன் வாங்கி மாட்டின தடுப்பு ரொம்பச் சின்னது. பாலிகார்பனேட் தகட்டில் புதுசா வெட்டினோம். அக்ரிலிக்கில் துளை போட்டா சுலபமா விரிசல் விடும். மாட்டிட்டு கூரையை மூடினா, தகடு இடிக்குது! கூரை திறந்திருக்கும்போதே அளவெடுத்தது நான்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லல. இரண்டு சென்டிமீட்டர் குறைச்சு, ஓரத்தை அரத்தால் மழுக்கி, ரப்பர் வச்சு, பட்டையால் இறுக்கிக் கட்டினோம்.

வெள்ளிக்கிழமை அண்ணி அந்தக் காடியில் கோயிலுக்கு வந்தாங்க. தலையில வச்ச மல்லிகை கலையல. அன்னதானத்தில் அவன் என் பக்கத்தில் நின்னு சாதம் பரிமாறினான்.

வீட்டுல யாரோடயாவது பேசாம இருந்தா, பெரியவங்க நீங்களே முதல்ல கூப்பிடுங்க. நான் கூப்பிடல, சின்னப் பையன்தான் வந்தான்.

முருகா சரணம்.