கண்ணளவு வயிறு

அப்பா அன்றைக்கு நான்காவது தடவையாகத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. டப்பாவைத் திறந்து, மூடியில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, இரண்டு விரலால் எடுத்துத் தூவினார். கோல்டு ஃபிஷ்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாரும்மா, காலைலேர்ந்து பட்டினி."

"போட்டாச்சுப்பா."

"யார் போட்டா?"

"நீங்கதான்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். சோம்பலுக்குப் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். தான் சாப்பிட்டதை மறந்துவிடுகிற மனிதர், மீன் சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் மறப்பதே இல்லை.

தொட்டி என் யோசனை. அம்மா போன பிறகு பகல் முழுக்க டிவிக்கு முன்னால், ஆனால் டிவியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். கைக்கு ஏதாவது தினசரி வேலை இருந்தால் நல்லது என்றார் டாக்டர். வில்லிவாக்கத்திலிருந்து கொளத்தூர் பக்கம்தான். அங்கே வரிசையாக வண்ணமீன் கடைகள். இரண்டடித் தொட்டி, ஃபில்டர், ஐந்து மீன், ஒரு கிலோ தீனிப் பாக்கெட் எல்லாம் ஒரே ஆட்டோவில் வந்தன. அந்த ஒரு கிலோதான் நான் செய்த முதல் தப்பு. பெரிய பாக்கெட் மலிவு என்று வாங்கினேன். திறந்து வைத்த தீனியில் வைட்டமின் சி நாள்பட நாள்பட அழிந்துகொண்டே போகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் பிடிக்கும். ஐந்து மீன் ஒரு கிலோவைத் தின்று தீர்க்க எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கலாம்.

இரண்டாவது வாரம் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்தது. மீன்கள் எந்நேரமும் மேல்மட்டத்திலேயே நின்று வாயைப் பிளந்தன. "பசிக்குது போல" என்று அப்பா சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நானும் ஒரு பிடி போட்டேன். இரண்டு நாளில் இரண்டு மீன் செத்தன.

செத்ததில் ஒன்றைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன், சண்டை போடத்தான். கடைக்காரர் மீனை வாங்கி செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்ளோ போடறீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்ன பதிலில் என் சண்டை முடிந்துபோனது.

தின்னாமல் மிஞ்சும் தீனி அழுகினால் அம்மோனியா. தின்றாலும் கழிவாக, செவுள் வழியாக அதே அம்மோனியா. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் தன் கழிவிலேயே மூச்சு விடுகிறது. செவுள் வெந்துபோய், காற்றுக்காக மேலே வருகிறது. நாங்கள் பசி என்று நினைத்த அந்த வாய், மூச்சுத் திணறலில் திறந்தது. அதற்குள் நாங்கள் மேலும் தீனி போட்டோம்.

"ஒரு மீனோட வயிறு அதோட கண்ணளவுதான்மா, அதுக்கு மேல போடாதீங்க" என்றார் கடைக்காரர். மீன் வளர்க்கிற எல்லோரும் சொல்லும் அளவு இது. பிறகு படித்தபோது சிரிப்பு வந்தது. கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பை என்ற ஒன்றே கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைத்து, நீளமான குடலுக்கு நேராக அனுப்பிவிடுகிறது. தேக்கி வைக்க இடமில்லாததால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாசியும் புழுவும் இலையும் மேய்கிற உடம்பு அது. எப்போது பார்த்தாலும் பசித்த மாதிரி நிற்பது நடிப்பில்லை. அதற்காக ஒவ்வொரு தடவையும் கொடுத்தால் செத்துப்போகும்.

அதற்கப்புறம் கடைகளில் மீனின் வாயைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. கப்பிக்கு வாய் மேல்நோக்கித் திறக்கும். மேலே மிதப்பதைப் பிடிக்கிற வாய். கொசுப்புழு தின்னட்டும் என்று கிணறுகளில் அதை விடுவது இதனால்தான். தொட்டி அழுக்கைத் தின்னும் என்று சொல்லி விற்கிற சக்கர் மீனுக்கு வாய் அடியில் இருக்கும், மேலே தூவுவது அதற்கு எட்டாது. பாவம், அழுக்கை நம்பிப் பட்டினி கிடக்கிற சக்கர்கள் எத்தனை வீட்டில் இருக்கின்றனவோ. ஃபைட்டர் புழு, பூச்சி தின்கிற ஜாதி. அதன் தீனியில் புரதம் தூக்கலாக இருக்க வேண்டும். அதையே கோல்டு ஃபிஷ்ஷுக்குத் தொடர்ந்து போட்டால் குடல் அடைத்துக்கொள்ளும்.

எங்களுடைய ஒரு குண்டு ஓரண்டாவுக்கு அதுதான் நடந்தது. ஒரு நாள் காலையில் வயிறு மேலே பார்க்க மிதந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன், துடுப்பு அசைந்தது. மிதக்கிற உருண்டைகளைத் தின்னும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். உருண்டையான உடம்பில் குடல் நெருக்கி மடிந்திருப்பதால், மலச்சிக்கல் வந்தால் பக்கத்திலிருக்கும் காற்றுப்பையை அழுத்தி மீனைக் கவிழ்த்துவிடும். மூன்று நாள் தீனி கூடாது. பிறகு வேகவைத்த பச்சைப் பட்டாணி, தோலை உரித்து. அந்த மூன்று நாளும் டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அந்த மூன்று நாள்தான் கஷ்டம். முதல் நாள் தொட்டியில் மேரி பிஸ்கட் கரைந்து கிடந்தது. இரண்டாம் நாள் சோறு. மூன்றாம் நாள் பிஸ்கட், சோறு எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவைத்தேன். சமையலறை வாசலில் வந்து நின்று, "உங்கம்மா இருந்தா இப்படி வாயில்லா ஜீவனைப் பட்டினி போட விடுவாளா?" என்றார். அம்மாவைப் பற்றி அவர் பேசி ஆறு மாதம் ஆகியிருந்தது.

நாலாம் நாள் பட்டாணியை அவரையே உரிக்கச் சொன்னேன். நகத்தால் தோலைக் கீறி, பருப்பை நசுக்கி, குண்டூசித் தலையளவு துண்டுகளாக்கினார். அரை மணி நேரம் ஆனது. ஓரண்டா மறுநாளே நிமிர்ந்தது.

பிறகு மூழ்குகிற பெல்லட்டுக்கு மாறினோம், சின்னப் பாக்கெட்டாக. அளவுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று பெருமையாக இருந்தேன். மாத்திரை போட்டு வைக்கிற, ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை உள்ள டப்பா ஒன்றில் மீனுக்கான ஒரு வாரத் தீனியைப் பிரித்து வைத்தேன். அப்பாவின் டப்பா நீலம், மீனுடையது பச்சை. இரண்டு வாரம் நன்றாகப் போனது. ஒரு புதன்கிழமை அப்பா பச்சை டப்பாவின் புதன் அறையை உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். தீனியால் ஒன்றும் ஆகவில்லை. நீல டப்பாவைத் திறந்து, புதன் அறையில் மாத்திரை அப்படியே இருப்பதைப் பார்க்கும்வரை என் கை நடுங்கியது. அன்றைக்கே பச்சை டப்பாவைத் தூக்கி எறிந்தேன்.

அதுவரை மீனுக்கு எந்தத் தீனி சரி என்றே தேடிக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை போட்டாலும் கெடுதல் செய்யாத தீனியைத் தேடியிருக்க வேண்டும். கடைக்காரர்தான் ஒரு கவரில் டக்வீட் கொடுத்தார். குளத்து மேல் பச்சைப் போர்வையாக மிதக்குமே, மிளகைவிடச் சின்ன இலை, அது. கோல்டு ஃபிஷ் அதை விரும்பி மேயும். தின்னாமல் மிஞ்சினால் அழுகாது, உயிரோடு மிதந்து தண்ணீரிலிருக்கும் அம்மோனியாவையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். மொட்டைமாடியில் பழைய பிளாஸ்டிக் டப்பில் போட்டேன். வெயிலுக்குப் பெருகித் தள்ளிவிட்டது. காலையில் அப்பா எழுவதற்கு முன்பு ஒரு சிட்டிகை பெல்லட்டை ஊறவைத்து நானே போட்டுவிடுகிறேன். அவருடைய டப்பாவில் இலை மட்டும்தான்.

இப்போது மூன்றடித் தொட்டி, அதே மூன்று மீன். டப்பா காலியானால் அவரே டீ வடிகட்டியோடு மாடிக்கு ஏறுகிறார். "இது என்னம்மா இலை?" என்று தினமும் கேட்கிறார், நானும் சொல்கிறேன்.

நேற்று மத்தியானம் மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, சொட்டுகிற வடிகட்டியோடு இறங்கி வந்தார்.

"இதுங்களுக்கு இன்னிக்குப் போட்டாச்சா?"

"இல்லப்பா. நீங்கதான் போடணும்."